சுவருக்குக் கடல்பச்சை, சேலைக்கு மயில்கழுத்து

நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவே இருக்கிற நிறம் எதைக் கண்டாலும் எனக்குப் பித்துப் பிடித்துவிடும். ஜவுளிக்கடையில் புடவை விரித்தாலும் சரி, சந்தையில் பிளாஸ்டிக் குடம் அடுக்கியிருந்தாலும் சரி, கண் முதலில் அந்தப் பக்கம்தான் போகும். பெரம்பலூர் மாவட்டத்துக் குன்னத்தில் எங்கள் வீட்டுக்கு வண்ணம் அடிப்பது என்று முடிவானபோது, "என்ன கலர்?" என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. "எந்த நீலப்பச்சை?" என்றுதான் கேட்டார்கள். அந்தக் கேள்விக்கான பதில் இப்போது கூடத்துச் சுவரில் ஏறியிருக்கிறது. அடடா, என்ன நிறம்! அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்து காபியை ஆறவிடுவது எனக்கு வழக்கமாகிவிட்டது. வருகிறவர், போகிறவர் எல்லாரிடமும் பாடியாகிவிட்டது. மிச்சம் இருப்பது நீங்கள்தான்.

கடைசிச் சுற்றுக்கு வந்தவை இரண்டு. ஒன்று, பெயிண்ட் கடையில் பீக்காக் என்று கேட்டால் எடுத்துக் காட்டுகிற மயில்கழுத்து. மற்றது, சீ கிரீன் என்று கேட்டால் வருகிற கடல்பச்சை. கம்பெனிக்குக் கம்பெனி பெயரும் நம்பரும் மாறும். ஆனால் இந்த இரண்டு ஜாதியும் இல்லாத ஷேட் கார்டை நான் பார்த்ததில்லை. தபால்தலை அளவுக் கட்டத்தில் பார்த்தால் இரண்டும் அக்கா தங்கை மாதிரி ஒரே சாயல். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கார்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரெண்டும் ஒண்ணுதானேம்மா, இதுக்கா இம்புட்டு அமளி?" என்றார்.

பெயிண்டர் தம்பி சிரித்தான். "கார்டுல தெரியாதுங்க பெரியம்மா. ஒண்ணு நீலம் தூக்கல், ஒண்ணு பச்சை தூக்கல். சுவத்துல ஏத்துனாத்தான் ரெண்டும் சண்டைக்கு நிக்கும்."

அந்தச் சண்டையைத்தான் நான் ரசித்து ரசித்துப் பார்த்தேன்.

எங்கள் வாசல் கிழக்கு பார்த்தது. வாசலுக்கு நேர் எதிரே கூடத்தின் மேற்குச் சுவர். அந்தச் சுவரில் இரண்டடிக்கு இரண்டடி சதுரமாக, நடுவே நல்ல இடைவெளி விட்டு, இரண்டு நிறத்தையும் இரண்டு கோட் அடிக்கச் சொன்னேன். ஷேட் கார்டை நம்பி யாரும் நிறம் எடுக்கக் கூடாது என்பதற்குக் காரணம் இருக்கிறது. சின்னக் கட்டத்தில் சாதுவாகத் தெரிகிற நிறம் பெரிய பரப்பில் ஏறும்போது அழுத்தமாகிவிடும். நான்கு சுவரிலும் ஒரே நிறம் இருந்தால் ஒரு சுவரில் பட்டுத் திரும்புகிற வெளிச்சம் அந்த நிறத்தைச் சுமந்துகொண்டு போய் அடுத்த சுவரில் விழும், நிறம் மேலும் கூடும். போதாததற்கு, எமல்ஷன் ஈரத்தில் வெளிறித் தெரிந்து காய்ந்தபின் ஒரு படி கருக்கும். சுண்ணாம்பு நேர்மாறு. அடிக்கும்போது சுவர் மங்கலாகத் தெரியும், காயக் காயத்தான் வெளுப்பு எழும்பி வரும். ஆகையால் எமல்ஷன் பூசிய கையோடு தீர்ப்புச் சொல்லக் கூடாது. முழுசாகக் காயவிட்டுப் பார்க்க வேண்டும்.

காலையில் வெயில் வாசல் வழியாக நேரே வந்து இரண்டு சதுரத்தின் மேலும் விழுந்தது. விடிகாலை வெயிலில் மஞ்சள் அதிகம். நீலத்தின் மேல் மஞ்சள் வெளிச்சம் விழுந்தால் நீலம் அடங்கிப்போகும். மயில்கழுத்து சட்டென்று சாம்பல் பூத்தாற்போல் ஆயிற்று. பக்கத்தில் கடல்பச்சை? அதற்குள் யாரோ விளக்கேற்றி வைத்த மாதிரி! மஞ்சளும் பச்சையும் சொந்தக்காரர்கள் அல்லவா, அந்த வெயிலை அப்படியே உள்ளே வாங்கிக்கொண்டு இளந்தளிராக எழுந்து நின்றது.

உச்சி வெயிலில் வீட்டுக்குள் நேர் வெளிச்சம் வருவதில்லை. வாசல் மண்ணிலும் கூடத்துச் சிவப்புத் தரையிலும் பட்டுத் திரும்புகிற வெளிச்சம்தான் சுவரை எட்டும். அந்த வெளிச்சத்தில் ஒரு செம்மை இருக்கும். மயில்கழுத்து அந்தச் செம்மையோடு ஒத்துப்போகாமல் புகைமூட்டம் போட்டுக்கொண்டது. கடல்பச்சை சித்திரை மாதத்து நடுப்பகலிலும் குளுகுளுவென்று இருந்தது. வெளியே கண் கூசும் வெக்கை, உள்ளே நுழைந்ததும் அந்தச் சுவர். கண்ணுக்கு யாரோ தண்ணீர் தெளித்த சுகம்!

நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். சாயங்காலம் ஒரு பொழுது மயில்கழுத்துக்குத்தான் வெற்றி. வெயில் வீட்டுக்குப் பின்னால் இறங்கி, கிழக்கு வானத்தின் நீல வெளிச்சம் மட்டும் வாசல் வழியே வரும் நேரம் அது. அந்த வெளிச்சத்தில் மயில்கழுத்து ஆழம் காட்டியது பாருங்கள், என் கட்சியே கொஞ்சம் ஆட்டம் கண்டது. வீட்டுக்காரர் அந்த நேரம் பார்த்து, "இதையே போட்டுடலாமே" என்றார். "நாள் பூரா சாயங்காலமாவே இருந்தா போடலாங்க" என்றேன்.

மயில்கழுத்து ஏன் சுவரில் சோபிக்கவில்லை என்று யோசித்தபோதுதான் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. அது அசைவில் வாழ்கிற நிறம்.

எங்கள் பக்கம் மக்காச்சோளக் காட்டிலும் பருத்திக் காட்டிலும் மயில் மேயாத நாள் இல்லை. 1963-இல் தேசியப் பறவையான அந்த மகாராஜாவால் விவசாயிக்கு வருகிற நட்டத்தைத் தனியாக எழுதலாம். அதன் கழுத்தைக் கவனித்துப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு அடி எடுத்து வைத்தால் நீலம், தலையைத் திருப்பினால் பச்சை. இத்தனைக்கும் அந்த இறகில் நீலச் சாயமும் கிடையாது, பச்சைச் சாயமும் கிடையாது. இருப்பது மெலனின் என்ற கருநிறமி. அதன் நுண்ணிய துகள்கள் வரிசை பிசகாமல் அடுக்கப்பட்டிருக்கின்றன. அந்த அடுக்கில் ஒளி பட்டுச் சிதறும்போது நீலமும் பச்சையும் பிறக்கின்றன. இறகை இடித்துத் தூளாக்கினால் அடுக்கு குலைந்து பழுப்புப் பொடிதான் மிஞ்சும். நிறம் இருப்பது அந்த அமைப்பில், அது கண்ணுக்குக் காட்டுகிற கோணத்தில்.

பட்டில் மயில்கழுத்து நெய்கிறவர்களும் இதே வித்தையைத்தான் செய்கிறார்கள். பாவில் ஒரு நிறம், ஊடையில் ஒரு நிறம். நீலப் பாவும் பச்சை ஊடையும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் முந்தானை மடிப்பில் ஒரு நிறமும் கொசுவத்தில் ஒரு நிறமும் தெரிகிறது. திருபுவனத்துத் தறியில் நெய்த மயில்கழுத்துப் புடவை கட்டிக்கொண்டு ஒருத்தி கல்யாண மண்டபத்தில் நடந்துபோனால் நிறம் அவளோடு நடந்துபோகும். சுவரோ நின்ற இடத்தில் நிற்பது. எமல்ஷனில் பாவும் இல்லை, ஊடையும் இல்லை. மயில்கழுத்தின் இரண்டு நிறத்துக்கும் சராசரி பார்த்து ஒன்றைக் கலக்கி டப்பாவில் அடைத்துத் தருகிறார்கள். அசைவு போனதும் அதன் உயிரும் போய்விடுகிறது.

கடல்பச்சைக்கு அந்தக் கஷ்டமே இல்லை. அது தட்டையான பரப்பில் வெளிச்சத்தை வாங்கி விளையாடுகிற நிறம். அது அசைய வேண்டியதில்லை. பொழுது நகர்ந்தால் போதும்.

கடலே இல்லாத குன்னத்தில் கடல்பச்சையா என்று ஒரு சிநேகிதி கேட்டாள். இந்தக் கேள்விக்காகத்தான் நான் காத்திருந்தேன்! பெரம்பலூர், அரியலூர் மண்ணைப்போலக் கடலுக்குச் சொந்தம் கொண்டாடும் உள்நாட்டு மண் தமிழ்நாட்டில் வேறு எது? கிரிட்டேசியஸ் காலத்தில், டைனோசர்கள் நடமாடிய காலத்தில், இந்த நிலம் கடலுக்கடியில் கிடந்தது. 1860-களிலேயே புவியியலாளர்கள் பிளான்ஃபோர்டும் ஸ்டோலிச்காவும் இங்கிருந்த பாறைகளையும் அம்மோனைட் என்ற கடலுயிரின் ஓடுகளையும் பற்றி எழுதி உலகத்துக்குச் சொல்லிவிட்டார்கள். காரை என்ற ஊர்ப் பக்கம் போனால் செம்பழுப்புக் களிமண் மேடுகளில் அந்தக் கடலின் உயிர்கள் இன்றும் கல்லாகக் கிடைக்கின்றன. சாத்தனூரில் 18 மீட்டருக்கு மேல் நீளமுள்ள கல்மரம் படுத்திருக்கிறது. 1940-இல் புவியியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் அதைப் பற்றி முதலில் அறிவித்தார். ஆற்றோடு அடித்துவரப்பட்டுக் கடலில் புதைந்து கல்லான மரம் அது.

இன்னும் கேளுங்கள். அரியலூரைச் சுற்றி இத்தனை சிமெண்ட் ஆலைகள் ஏன் வந்தன? அரசு சிமெண்ட் ஆலை 1979-இல் அரியலூரில் ஏன் தொடங்கியது? சுண்ணாம்புக்கல் இருப்பதால். அந்தச் சுண்ணாம்புக்கல் எங்கிருந்து வந்தது? அதே கடலில் வாழ்ந்த சிப்பிகளின் ஓடுகளிலிருந்து. கல்லங்குறிச்சிச் சுரங்கத்துக் கல்லில் சிப்பி ஓடுகளை வெறுங்கண்ணால் பார்க்கலாம். அந்தக் கல்லைச் சுட்டு அரைத்த சிமெண்டால்தான் இந்தப் பக்கத்து வீடுகள் எழும்பியிருக்கின்றன. ஆக, எங்கள் சுவர் பூச்சிலேயே கடல் இருக்கிறது. அதன் மேல் கடல்பச்சையை அடிப்பதற்கு நான் யாரிடம் அனுமதி கேட்க வேண்டும், சொல்லுங்கள்!

கடல்பச்சை இந்த ஊர் வீடுகளுக்குப் புதுசும் இல்லை. எமல்ஷன் வருவதற்கு முன்னால், பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது எங்கள் அப்பாயி சுண்ணாம்புத் தொட்டியில் மயில்துத்தத்தை, அதாவது செம்பு சல்பேட்டை, கரைத்து ஊற்றச் சொல்லுவார். துத்தம் தனியே இருக்கும்போது கண்ணைப் பறிக்கும் நீலப் படிகம். நீற்றிய சுண்ணாம்பில் விழுந்ததும் வேதிமாற்றம் நடந்து, செம்பு ஹைட்ராக்சைடு கலந்த வெளிர் நீலப்பச்சையாக மாறிவிடும். அந்த நிறத்தில் அடித்த அடுக்களையும் மாடக்குழியும் என் கண்ணிலேயே நிற்கின்றன. வெறும் நீலம் வேண்டியவர்கள் துணிக்குப் போடுகிற நீலப் பொடியைச் சுண்ணாம்பில் கலப்பார்கள். அது அல்ட்ராமரைன்; காரத்துக்கு அசையாது. ஆகையால் சுண்ணாம்பில் வெளுக்காமல் நிற்கும்.

துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த அதே கலவைக்கு விவசாயிகளிடம் வேறு பெயர் உண்டு. போர்டோ கலவை. ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ நீற்றுச்சுண்ணாம்பு, நூறு லிட்டர் தண்ணீர். இதுதான் ஒரு சதவீதக் கலவைக்குக் கணக்கு. பிரான்சில் போர்டோ நகரத்துப் பக்கம் சாலையோரத் திராட்சையைப் பறித்துத் தின்கிறவர்களை விரட்டுவதற்காக விவசாயிகள் இதைக் கொடிகளின் மேல் தெளித்து வைத்தார்கள். நீலப்பச்சையாகப் படிந்த இலையைப் பார்த்தால் எவன் கை வைப்பான்? 1882-இல் அந்தக் கொடிகளில் மட்டும் பூஞ்சை நோய் இல்லாததை மில்லார்டே என்ற தாவரவியல் பேராசிரியர் கவனித்தார். ஆராய்ந்து 1885-இல் வெளியிட்டார். திருடனை விரட்ட வந்த நிறம் நோயை விரட்டியது! இந்த நிறத்தின் மேல் எனக்கு மரியாதை கூடிப்போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்றைய பெயிண்டில் துத்தம் கிடையாது. ஆனால் செம்பு விட்டுப் போகவில்லை. கடையில் டின்டிங் மெஷின் சொட்டுச் சொட்டாக விடுகிற நீலமும் பச்சையும் பெரும்பாலும் தாலோசயனின் வகை நிறமிகள். ஒவ்வொரு மூலக்கூறின் நடுவிலும் ஒரு செம்பு அணு உட்கார்ந்திருக்கும். 1928-இல் ஸ்காட்லாந்தில் கிரேஞ்ச்மவுத் என்ற ஊரில் ஒரு சாய ஆலையில், உள்பூச்சு விரிசல் விட்ட கலனில் யாரும் எதிர்பார்க்காத நீலம் படிந்தது. அதன் மூலக்கூறின் நடுவில் இரும்பு இருந்தது. இரும்புக்குப் பதில் செம்பைப் போட்டால் நிறம் இன்னும் அருமை என்று தெரிந்தது. 1935-இல் ஐ.சி.ஐ. நிறுவனம் அதை மோனஸ்ட்ரல் நீலம் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதே மூலக்கூறின் ஓரங்களில் இருக்கும் ஹைட்ரஜனை எடுத்துவிட்டுக் குளோரினை ஏற்றினால் நீலம் பச்சையாகிவிடும். மயில்கழுத்தும் கடல்பச்சையும் நிஜமாகவே ஒரே வயிற்றுப் பிள்ளைகள். எது எத்தனை சொட்டு என்பதில்தான் வித்தியாசம். இன்று இந்த நிறமிகளை உலகத்துக்கு அனுப்புவதில் இந்தியாவுக்குப் பெரிய இடம் உண்டு, குறிப்பாகக் குஜராத்துக்கு.

நம் வெயிலுக்கு இதனால் என்ன லாபம் என்று கேட்பீர்கள். பெரிய லாபம். செம்பு தாலோசயனின் நிறமிகள் வெயிலுக்கும் சுண்ணாம்புக் காரத்துக்கும் லேசில் அசராதவை. மலிவான பச்சைகளில் சில, நீலத்தோடு கரிம மஞ்சளைக் கலந்து செய்யப்படுகின்றன. வெயிலில் மஞ்சள் முதலில் ஓடிப்போகும், சுவர் வருஷத்துக்கு வருஷம் நீலமாகிக்கொண்டே வரும். வெளிச்சுவருக்குக் கடல்பச்சை எடுக்கிறவர்கள் கடையில், "இது தாலோ பச்சையில் கலந்ததா, மஞ்சள் போட்டதா? மஞ்சள் போட்டிருந்தால் ஆக்சைடு மஞ்சளா?" என்று கேட்கலாம். இரும்பு ஆக்சைடு மஞ்சள் வெயிலுக்கு அஞ்சாது. விவரம் தெரிந்த கடைக்காரர் மெஷின் திரையைப் பார்த்துச் சொல்லிவிடுவார்.

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். அந்திப் பொழுது.

விளக்கு போடாமல் திண்ணையில் உட்கார்ந்து ஒரு நாள் கவனித்துப் பாருங்கள். வெளிச்சம் குறையக் குறையச் செம்பருத்திப்பூ முதலில் கறுத்துவிடும். சிவப்புத் தரையும் கறுத்துவிடும். நீலப்பச்சை மட்டும் தனியே மிதந்துகொண்டு மின்னும். மின்சாரம் போன சாயங்காலங்களில் எங்கள் கூடத்தில் நடக்கிற அதிசயம் இதுதான். சுவர் தானாகவே வெளிச்சம் விடுகிறதோ என்று சந்தேகம் வந்துவிடும். செக் நாட்டு விஞ்ஞானி புர்கின்யே இதை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கவனித்து எழுதிவிட்டார். பகலில் நம் கண்ணுக்கு மிகப் பளிச்சென்று தெரிவது 555 நானோமீட்டர் அலைநீளம், அதாவது மஞ்சள்பச்சை. இருட்டில் கண்ணின் வேறு வகை உணர்செல்கள் வேலையை எடுத்துக்கொள்கின்றன. அவற்றுக்கு மிகப் பளிச்சென்று தெரிவது 507 நானோமீட்டர். அது என்ன நிறத்தின் இடம் தெரியுமா? நீலப்பச்சை! இருட்டத் தொடங்கும்போது நம் கண்ணே கடல்பச்சைக் கட்சிக்கு மாறிவிடுகிறது. இதைப் படித்த அன்று நான் வீட்டுக்குள் கைதட்டிக் குதித்ததை அத்தை இன்னும் சொல்லிச் சிரிப்பார்.

தரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் கூடத்தில் பழைய ரெட் ஆக்சைடு தரை. டைல்ஸ் போடலாம் என்று எல்லாரும் சொன்னார்கள், நான் விடவில்லை. சிவப்பும் நீலப்பச்சையும் நிறச்சக்கரத்தில் எதிரும் புதிரும். எதிர்நிறங்களை அருகருகே வைத்தால் ஒன்று மற்றதை எடுத்துக்காட்டும். பாரிஸில் கோபெலின் நெசவாலையின் சாயப் பிரிவைக் கவனித்த வேதியியலாளர் செவ்ரல் 1839-இல் இதைப் பற்றிப் பெரிய புத்தகமே போட்டார். அந்தப் புத்தகம் சொல்வதை என் கூடத்துத் தரையும் சுவரும் தினமும் செய்து காட்டுகின்றன. தரை துடைத்து ஈரம் காய்வதற்குள் பார்க்க வேண்டும். சிவப்பு ரத்தினக்கல்லாகப் பளபளக்கும், மேலே சுவர் பொங்கி எழும். செலவில்லாத ஆனந்தம்!

"ஆஸ்பத்திரி மாதிரி இருக்குமே" என்று ஒருவர் முகம் சுளித்தார். அதற்கும் என்னிடம் பதில் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் பச்சை வந்ததே இந்த எதிர்நிற வித்தையால்தான். வெள்ளைவெளேர் என்ற அறுவை அறையில் ரத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்த கண்ணுக்குக் கூச்சம் தாங்கவில்லை என்று சான் பிரான்சிஸ்கோவில் ஹாரி ஷெர்மன் என்ற அறுவை மருத்துவர் 1914-இல் அறையைப் பச்சையாக்கினார். கண்ணுக்கு இதம் என்று டாக்டர்களே தேர்ந்தெடுத்த நிறம். அதைக் குறை என்று சொல்வானேன்? ஆஸ்பத்திரிச் சாயல் நிறத்தால் வருவதில்லை. நான்கு சுவரிலும் ஒரே நிறம், மேலே வெள்ளை டியூப், கீழே வெள்ளை டைல்ஸ் என்று எல்லாம் கூடினால்தான் வரும். தேக்குக் கதவு, பித்தளைக் குத்துவிளக்கு, மூங்கில் கூடை, ஏதாவது ஒன்றை அந்தச் சுவர்முன் வையுங்கள். ஆஸ்பத்திரி ஓடிப்போகும்.

விளக்கைப் பற்றிக் கவனம் வேண்டும். நம் வீடுகளில் பெரும்பாலும் 6500 கெல்வின் என்று அட்டையில் போட்டிருக்கும் வெள்ளை எல்.இ.டி. டியூப். அதில் நீலம் அதிகம். அதன் கீழே மயில்கழுத்து விறைத்துப்போய்க் குளிர்கிறது. கடல்பச்சை துடைத்துவிட்டாற்போலச் சுத்தமாக நிற்கிறது. 2700 அல்லது 3000 கெல்வின் மஞ்சள் பல்பு போட்டால் கடல்பச்சை இன்னும் பச்சைப் பக்கம் சாயும், வெற்றிலைக் கொடிக்கால் நிழலில் உட்கார்ந்த குளிர்ச்சி வரும். எனக்கு இரண்டும் பிடித்திருக்கிறது. சுவரில் மாதிரி அடித்ததும் உங்கள் வீட்டு விளக்கின் கீழும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

தூசியிலும் கடல்பச்சைதான் கெட்டி. கரிசல் காட்டுக் காற்றும் சுண்ணாம்புக்கல் லாரிகளும் சேர்ந்து எங்கள் பக்கத்து வெள்ளைச் சுவர்களைப் படுத்துகிற பாடு கொஞ்சமில்லை. அழுத்தமான மயில்கழுத்தில் வெள்ளைத் தூசி பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். வெள்ளைச் சுவரில் கரிசல் புழுதி காட்டிக்கொடுக்கும். நடுத்தர வெளிர்மையில் இருக்கும் கடல்பச்சை இரண்டையும் மறைத்துக்கொண்டு சமர்த்தாக இருக்கும்.

அடிக்கப் போகிறவர்களுக்குச் சில விவரங்கள். கரிசல் மண் மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்குகிற மண். மேலே கட்டிய சுவரில் மயிரிழை விரிசல் ஓடும். விரிசலை வெட்டித் திறந்து அடைத்து, பட்டி பார்த்து, பிரைமர் அடித்த பிறகே நிறத்துக்குப் போக வேண்டும். நிறம் அழுத்தமாக ஆக, விரிசல் வெள்ளைக் கோடாகத் தெரியும். புதுப் பூச்சு என்றால் குறைந்தது 28 நாள் ஆறவிட வேண்டும். பூச்சில் காரம் இருக்கும்போது அவசரப்பட்டால் உப்புப் பூத்து எந்த நிறத்தையும் கெடுக்கும். ஜன்னல் கம்பிக்கும் கதவுக்கும் எனாமல் வாங்கும்போது டப்பாவில் ஈயம் பற்றிய குறிப்பைப் பாருங்கள். வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரிலிருந்து அமலில் இருக்கிறது. குழந்தைகள் கம்பியைப் பிடித்து நின்று வாய் வைக்கிற வீட்டில் இது சின்ன விஷயம் இல்லை. பழைய முறையில் துத்தம் கலந்து சுண்ணாம்பு அடிக்க ஆசைப்படுகிறவர்கள் துத்தத்தைக் குழந்தைகளுக்கும் மாட்டுக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள், அது விஷம்.

மயில்கழுத்தை ஒரேயடியாக நான் கைவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். அசைவில் வாழ்கிற நிறத்துக்கு வீட்டில் அசைகிற இடம் எது என்று பார்த்தேன். கதவு! கொல்லைப்புறக் கதவுக்கும் ஜன்னல் கதவுகளுக்கும் பளபளப்பு எனாமலில் மயில்கழுத்து அடித்தாயிற்று. காற்றில் ஜன்னல் கதவு லேசாகத் திரும்பும்போது வெளிச்சம் அதன் மேல் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. நீலம் ஒரு கணம், பச்சை ஒரு கணம். பெயிண்டர் தம்பியே வேலையை நிறுத்திவிட்டு, "அக்கா, கதவுல மயிலு நிக்குது பாருங்க" என்றான்.

ஆகவே, பொங்கலுக்கோ கல்யாணத்துக்கோ வீட்டுக்கு வண்ணம் அடிக்கப் போகிறவர்களே, நீலப்பச்சை என்று ஆசைப்பட்டுவிட்டு வெளிர் மஞ்சளில் போய் ஒதுங்காதீர்கள். இரண்டு நிறத்திலும் சின்ன மாதிரி டப்பா வாங்கி உங்கள் வீட்டுச் சுவரிலேயே அடியுங்கள். காலை, உச்சி, அந்தி, டியூப் வெளிச்சம் என்று நான்கு பொழுதிலும் பாருங்கள். மயில்கழுத்தைப் புடவையாகக் கட்டுங்கள், கதவுக்கு அடியுங்கள். ஆளுயரச் சுவருக்கு, அதுவும் எங்கள் குன்னம் வெயிலுக்கு, என் ஓட்டு கடல்பச்சைக்கே. சந்தேகம் உள்ளவர்கள் எங்கள் கூடத்துக்கு வந்து பாருங்கள், காபி என் செலவு.